தோரியனைற்றின் பயணம்: ஈழத்து மண்ணும் அணுவாற்றலும் புற்றுநோய் மருத்துவமும்

கீரிமலை, யாழ்ப்பாணத்து மக்களாலே இருவேறு காரணங்களுக்காக நாடப்படும் தலமாகும். நோய் தீர வேண்டிக் கேணியிலே நீராடச் செல்வோர் ஒருசாரார். இறந்தோருக்கு அந்தியேட்டி முடித்து, அவர்தம் சாம்பலைக் கடலிற் கரைக்கச் செல்வோர் மற்றொரு சாரார். கீரிமுகம் நீங்கிய நகுல முனிவர் பற்றியும், குதிரைமுகமும் குன்மநோயும் நீங்கிய சோழ இளவரசி மாருதப்புரவீகவல்லி பற்றியும் வழங்கும் ஐதிகங்கள் இத்தலத்தின் நோய் தீர்க்கும் ஆற்றலையே மையமாகக் கொண்டவை. அவ்வைதிகங்களை வரலாறெனக் கொள்வதற்கில்லை. எனினும், மருத்துவத்தினால் தீராத நோய்க்கு ஒரு சமுதாயம் தேடிய வழிகளை அவை புலப்படுத்துகின்றன என்ற அளவிலே வரலாற்று மாணவனின் கவனத்துக்குரியன.

கீரிமலைக்கு மூன்றாவது முகமொன்றும் உண்டு. நன்னீர் ஊற்றெடுக்கும் இக்கரை முழுவதும் மயோசீன் காலத்துச் சுண்ணக்கல்லாலானது. அச்சுண்ணக்கல்லை அடிப்படையாகக் கொண்டே அயலிலுள்ள காங்கேசன்துறையிலே 1950இல் சீமெந்துத் தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கிற்று. 1990இல் யுத்தங் காரணமாகத் தொழிற்சாலை மூடப்பட்டது. அதே ஆண்டிலே வலிகாமம் வடக்கு மக்களும் இடம்பெயர்ந்தனர். கல்லகழ்ந்த குழிகள் மட்டும் நிலைத்தன. கேணிக்குச் சில மைல் தூரத்திலுள்ள தெல்லிப்பழை வைத்தியசாலையிலே 2013இல் புற்றுநோய்ச் சிகிச்சைக்கென ஒரு கட்டடத் தொகுதி திறக்கப்பட்டது.

ஊற்று, கல், வைத்தியசாலை என்னும் இம்மூன்றும் ஒரு வினாவை எழுப்புகின்றன. ஒரு நிலத்தின் பொருள் எவ்வாறு ஆற்றலாகவும் மருந்தாகவும் மாறுகின்றது? அம்மாற்றத்தின் பயன் யாரைச் சென்றடைகின்றது? இவ்வினாக்களுக்கு விடை காண்பதற்குக் கீரிமலைச் சுண்ணக்கல் போதாது. ஈழத்தின் தெற்கே, சப்பிரகமுவ மலைநாட்டிலே, இற்றைக்கு ஏறத்தாழ நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன் கண்டெடுக்கப்பட்ட தோரியனைற்று என்னும் கனிப்பொருளின் வரலாற்றை நாம் நோக்குதல் வேண்டும். அதனை அறிவியலுலகின் கவனத்துக்குக் கொணர்ந்தவர் யாழ்ப்பாணத் தமிழ்ப் பரம்பரையைச் சேர்ந்த ஆனந்த குமாரசுவாமி என்பது தமிழ் வாசகரிற் பலர் அறியாததொன்றாகும்.

1. அளவையாளர் குமாரசுவாமி

ஆனந்த குமாரசுவாமி 1877இல் கொழும்பிலே பிறந்தவர். தந்தையார் சேர் முத்து குமாரசுவாமி அரிச்சந்திர நாடகத்தை ஆங்கிலத்திலே பெயர்த்து 1863இல் வெளியிட்டவர். தாயார் ஆங்கிலப் பெண்மணி. இங்கிலாந்திலே வளர்ந்து, இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியிலே புவிச்சரிதவியலும் தாவரவியலும் கற்ற குமாரசுவாமி, 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிப்பொருளளவையின் இயக்குநராகப் பணியாற்றினார்.

இவ்வளவை எத்தகையது என்பது கருதத்தக்கது. அது இலண்டனிலிருந்த ஏகாதிபத்திய நிறுவகத்தின் மேற்பார்வையிலே நடைபெற்றது. பேரரசின் குடியேற்ற நாடுகளிலுள்ள மூலவளங்களை ஆராய்ந்து, அவற்றின் வாணிகப் பயனை மதிப்பிடுவதே அந்நிறுவகத்தின் நோக்கம். இங்கு அறிவுத் தேட்டமும் வாணிகத் தேவையும் ஒன்றோடொன்று பிணைந்திருந்தன. ஒன்றை மட்டும் கண்டு மற்றதை மறுப்பது முழுமையான வரலாறாகாது.

பலாங்கொடைப் பகுதியிலே இரத்தினக்கல் அகழ்வோர் அரித்தெடுத்த பரற்கற்களிடையே, பாரங் கூடிய, கனசதுர வடிவான கரும்பளிங்குகள் காணப்பட்டன. இரத்தினம் தேடியோருக்கு அவை பயனற்ற கற்களே. 1904இல் அவை அளவையின் பார்வைக்கு வந்தன. குமாரசுவாமி முதலிலே அவற்றை யுரேனியக் கனிப்பொருளாகவே கருதினார். ஏகாதிபத்திய நிறுவகத்தின் இயக்குநர் வின்டம் டன்ஸ்ரன் நடத்திய இரசாயனப் பகுப்பாய்விலே, அவற்றின் நிறையிற் பெரும்பகுதி, ஏறத்தாழ நூற்றுக்கு எழுபது, தோரியம் ஒட்சைட்டு என்பது புலனாயிற்று. எனவே அது புதியதொரு கனிப்பொருளெனக் கொள்ளப்பட்டுத் தோரியனைற்று என்று பெயரிடப்பட்டது.

சேற்றிலே நின்று பரலை அரித்த சப்பிரகமுவக் கிராமத்தவர், அதனை இனங்காண முயன்ற அளவையாளர், பகுத்து ஆராய்ந்து பெயர் சூட்டிய இலண்டன் நிறுவகம் என்னும் மூன்று படிகள் இங்கே தெளிவாகத் தெரிகின்றன. முதற் படியிலே நின்றோரின் பெயர்கள் எந்த ஏட்டிலும் இல்லை. அதேவேளை, பரலிலே கிடந்தமையினால் மட்டும் தோரியனைற்று அறிவாகிவிடவில்லை என்பதனையும் ஏற்றுக்கொள்ளுதல் வேண்டும். ஆய்வுகூடம் இல்லாதிருந்தால் அது கருங்கல்லாகவே எஞ்சியிருக்கும். நமது முறைப்பாடு ஆய்வுகூடம் இருந்ததைப் பற்றியதன்று. அது எங்கே, எவர் உடைமையாக இருந்தது என்பதைப் பற்றியதாகும்.

2. ஒரு பேரியம் உப்பும் ஒரு புதிய மூலகமும்

1904ஆம் ஆண்டின் பிற்பகுதியிலே ஓட்டோ ஹான் என்னும் ஜேர்மானிய இளம் இரசாயனர் இலண்டன் சென்றார். ஆங்கிலம் பயின்று இரசாயனத் தொழிற்சாலையொன்றிலே வேலைபெறுவதே அவர் எண்ணம். அங்கே அவர் வில்லியம் றம்சேயின் ஆய்வுகூடத்திலே சேர்ந்தார். றம்சே அவரிடம் நூறு கிராம் அளவிலான பேரியம் உப்பொன்றைக் கொடுத்து, அதிலுள்ள சிறிதளவு றேடியத்தைப் பிரித்தெடுக்குமாறு பணித்தார். அவ்வுப்பு இலங்கைத் தோரியனைற்றிலிருந்து பெறப்பட்டது.

றேடியத்தைத் தேடிய ஹான், எதிர்பாராத வகையிலே மிகுந்த கதிர்த்தொழிற்பாடுடைய வேறொரு பொருளைக் கண்டார். 1905இல் அதற்கு றேடியோதோரியம் என்று பெயரிட்டார். அது தோரியத்தின் சமதானிகளுள் ஒன்றென்பது பின்னர் தெளிவாயிற்று. இன்று தோரியம்-228 எனக் குறிக்கப்படுவது அதுவே. இக்கண்டுபிடிப்பு ஹானின் வாழ்க்கைப் போக்கை மாற்றிற்று. தொழிற்சாலை வேலையைக் கைவிட்டு அவர் கதிர்த்தொழிற்பாட்டு ஆய்விலே இறங்கினார். 1907இல் பேர்லினிலே மீசோதோரியத்தைக் கண்டறிந்தார். 1938 டிசம்பரிலே அவரும் ஸ்திராஸ்மனும் யுரேனியக் கருப்பிளவின் இரசாயனச் சான்றைக் கண்டனர். அதன் பௌதிக விளக்கத்தை லீசே மைற்னரும் ஒட்டோ பிரிஷும் 1939இல் அளித்தனர். அணுவுலைக்கும் அணுகுண்டுக்கும் வாயில் திறந்த இந்த ஆய்வு வரிசையின் தொடக்கத்திலே ஈழத்து மண்ணின் ஒரு பிடி கருங்கல் இருந்தது என்று கூறுவது மிகையாகாது.

குமாரசுவாமியோ அதற்குள் வேறு வழியிலே சென்றுவிட்டார். அளவைக்காகக் கிராமங்களினூடே சென்றபொழுது, இறக்குமதிப் பொருள்களின் முன் நலிந்து கொண்டிருந்த கைவினைகளை அவர் கண்டார். அதன் பயனாக 1908இல் வெளிவந்த இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய அவரது பெருநூல், வில்லியம் மொறிஸ் முன்னர் பயன்படுத்திய அச்சுப்பொறியிலே அச்சிடப்பட்டதாகும். மொறிஸ் கைவினையைப் போற்றியவர். அத்துடன் சோஷலிஸ இயக்கத்திலே முன்னின்று உழைத்தவர். குமாரசுவாமி மொறிஸின் முதற் பாதியை ஏற்று, மறுபாதியை ஏற்காது விட்டார் என்றே நாம் கருதுகின்றோம். இயந்திரத்தின் கேட்டைக் கண்ட அவர், இயந்திரம் எந்த வர்க்கத்தின் உடைமையாக இருந்தது என்ற வினாவை மையமாகக் கொள்ளவில்லை.

நமது அறிவுலகமும் அவரைப் பாதியாகவே நினைவுகூர்ந்துள்ளது. 1918இல் வெளிவந்த சிவ நடனம் பற்றிய கட்டுரைத் தொகுதியின் ஆசிரியராக அவரைப் போற்றுவோர் பலர். கனிப்பொருளளவை அவரது வரலாற்றிலே ஓர் அடிக்குறிப்பாகச் சுருங்கிவிட்டது. கீழைத்தேயம் ஆன்மிகத்துக்குரியது, மேலைத்தேயம் பௌதிகத்துக்குரியது என்னும் பாகுபாடு குடியேற்ற ஆட்சிக்கு உகந்த பாகுபாடாகும். அதனை நாமும் பெருமையோடு ஏற்றுக்கொண்டமையின் விளைவுகளுள் ஒன்றே இம்மறதி.

3. ஒளி, மருந்து, நஞ்சு

தோரியத்தின் முதற் பெரும் பயன் ஒளியே. ஓவர் வொன் வெல்ஸ்பாக் உருவாக்கிய வாயு விளக்கின் வலைத்திரி, தொண்ணூற்றொன்பது பங்கு தோரியம் ஒட்சைட்டும் ஒரு பங்கு சீரியம் ஒட்சைட்டும் கொண்டது. நமது கோயிற் திருவிழாக்களிலும் கலியாண வீடுகளிலும் எரிந்த பெற்றோமாக்ஸ் விளக்கின் 'மென்டில்' அவ்வழி வந்ததே. பிறேசிலிலிருந்தும் பின்னர் திருவிதாங்கூரிலிருந்தும் சென்ற மொனசைற்று மணல் இத்தொழிலுக்கு மூலப்பொருளாயிற்று. இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கரையின் மணலிலே மொனசைற்று உண்டென்பதை 1909இல் ஜேர்மானியரான ஷொம்பேர்க் கண்டறிந்தார். ஏற்றுமதியான கயிற்று நாரிலே ஒட்டியிருந்த மணலே அவருக்குத் துப்பாயிற்று. கயிறு திரித்த தொழிலாளர் தமது உழைப்போடு வேறொரு செல்வத்தையும் அறியாமலே அனுப்பி வைத்திருந்தனர்.

வலைத்திரித் தொழிலின் கழிவிலிருந்து மீசோதோரியம் பிரித்தெடுக்கப்பட்டது. றேடியத்தைவிட மலிவானதாகையால், முதலாம் உலக யுத்தத்துக்கு முற்பட்ட ஆண்டுகளிலே ஜேர்மானிய மருத்துவர்கள் அதனைக் கருப்பைப் புற்றுநோய்ச் சிகிச்சையிலே பயன்படுத்தினர். விளக்குக் கைத்தொழிலின் கழிவு புற்றுநோய்க்கு மருந்தான முதற் சந்தர்ப்பங்களுள் இது ஒன்றாகும்.

ஆயின் அதே பொருள் நஞ்சாகவும் ஆயிற்று. அமெரிக்காவின் நியூ ஜேர்சியிலே மணிக்கூட்டு முகங்களுக்கு ஒளிரும் மை தீட்டிய இளம் பெண் தொழிலாளர், தூரிகை முனையைக் கூராக்க உதட்டிலே வைத்துப் பழகியமையால், றேடியத்தையும் மீசோதோரியத்தையும் உட்கொண்டனர். தாடையெலும்பு அழிந்தும் எலும்புப் புற்றுநோய் கண்டும் அவர்களுட் பலர் மாண்டனர். 1920களிலே அவர்கள் நடத்திய வழக்குகள் தொழிலாளர் பாதுகாப்புச் சட்ட வரலாற்றிலே குறிப்பிடத்தக்கன. 1930கள் முதல் ஊடுகதிர்ப் படங்களுக்காக நோயாளரின் குருதியிலே செலுத்தப்பட்ட தோரோட்ராஸ்ட் என்னும் தோரியம் ஒட்சைட்டுக் கரைசல், இருபது முப்பது ஆண்டுகளின் பின் ஈரற் புற்றுநோயைத் தோற்றுவித்தது. கதிர்த்தொழிற்பாடு தன்னளவிலே நன்மையுமன்று, தீமையுமன்று. எவர் கையிலே, எந்த அவசரத்துக்காக, எத்தகைய கட்டுப்பாட்டோடு அது பயன்பட்டது என்பதே விளைவைத் தீர்மானித்தது.

4. இன்றைய ஆய்வுகள்

தோரியம் தானே எரிபொருளன்று. தோரியம்-232 நியூத்திரன் ஒன்றை உறிஞ்சி, இரு பீற்றாத் தேய்வுகளின் பின் யுரேனியம்-233 ஆகின்றது. அதுவே பிளவுறும் எரிபொருள். இந்தியாவிலே ஹோமி பாபா 1954இல் வகுத்த மூன்று கட்டத் திட்டத்தின் இறுதிக் கட்டம் தோரியத்தையே நம்பியிருக்கின்றது. 1950இல் நிறுவப்பட்ட இந்திய அருமண் நிறுவனம் மொனசைற்றுத் தொழிலை அரச உடைமையாக்கிற்று. தமிழ்நாட்டுக் கல்பாக்கத்திலே 1996இல் இயங்கத் தொடங்கிய காமினி ஆய்வுலை யுரேனியம்-233 ஐ எரிபொருளாகக் கொண்டது; அதன் வலு 30 கிலோவாற்று மட்டுமே. சீனத்தின் கான்சு மாகாணத்திலே 2 மெகாவாற்று வெப்பவலுக்கொண்ட உருகிய உப்பு உலை 2023இல் இயக்கம் பெற்று, 2024இல் தோரியம் இடப்பட்டது. எழுபது ஆண்டுகளாகப் பேசப்பட்டு வரும் தோரிய மின்சாரம் இன்னமும் பரிசோதனை நிலையைக் கடக்கவில்லை.

மருத்துவத்திலோ நிலைமை வேறு. அல்பாத் துணிக்கை உடலின் இழையத்திலே மில்லிமீற்றரின் பத்திலொரு பங்குக்கும் குறைந்த தூரமே செல்லும். அத்தூரத்திலேயே தன் சக்தி முழுவதையும் இழந்துவிடும். எனவே புற்றுநோய்க் கலத்தைத் தேடிச் சென்று பற்றும் மூலக்கூறொன்றிலே அல்பாக் கதிர்வீசும் அணுவை இணைத்துச் செலுத்தினால், அக்கலம் அழியும். அயற்கலங்கள் பெரும்பாலும் தப்பும். இதுவே இலக்கு நோக்கிய அல்பாச் சிகிச்சையின் அடிப்படையாகும். 2013இல் எலும்பிலே பரவிய சுக்கிலச் சுரப்பிப் புற்றுநோய்க்கு றேடியம்-223 அங்கீகாரம் பெற்றது. 2016இல் ஹைடல்பேர்க் மருத்துவர்கள், பரவல் முற்றிய அந்நோயுடையோருக்கு அத்தினியம்-225 அளித்துக் கண்ட பயனை வெளியிட்டபொழுது, இத்துறை உலகின் கவனத்தைப் பெற்றது.

இவ்விடத்தே நமது வரலாறு தன் தொடக்கத்துக்குத் திரும்புகின்றது. இன்று ஆராயப்படும் அல்பாச் சிகிச்சைப் பொருள்களுள் ஈயம்-212 முக்கியமானது. அதன் அரைவாழ்வுக்காலம் ஏறத்தாழ 10.6 மணித்தியாலம். அது றேடியம்-224 இலிருந்து பெறப்படுகின்றது. றேடியம்-224 தோன்றுவதோ தோரியம்-228 இலிருந்து. தோரியம்-228 என்பது ஹான் 1905இல் இலங்கைத் தோரியனைற்றிலே கண்ட அதே றேடியோதோரியமாகும். ஈயம்-212 இணைத்த மருந்தொன்றுக்கு, நரம்பு அகஞ்சுரப்பிக் கட்டிகளின் சிகிச்சை தொடர்பாக, 2024இல் அமெரிக்க மருந்து நிருவாகம் முன்னுரிமைத் தகுதி அளித்தது. அதன் மூலப்பொருள் பிரான்சிலே சேமிக்கப்பட்டுள்ள பழைய தோரிய உப்பிலிருந்து பிரிக்கப்படுகின்றது.

அத்தினியம்-225 இன் கதையும் இத்தகையதே. யுரேனியம்-233 தேய்ந்து தோரியம்-229 ஆகும். அது தேய்ந்து அத்தினியமாகும். உலகின் மருத்துவ அத்தினியம் நெடுங்காலம் அமெரிக்காவின் ஓக் றிட்ஜ், ஜேர்மனியின் கார்ள்ஸ்றூ, ருஷியாவின் ஒப்னின்ஸ்க் ஆகிய மூவிடங்களிலிருந்தே பெரும்பாலும் கிடைத்தது. ஓக் றிட்ஜிலே குவிந்திருந்த யுரேனியம்-233, பனிப்போர்க்காலத்து ஆயுத, உலை ஆய்வுகளுக்காக மக்கள் வரிப்பணத்தினால் ஆக்கப்பட்டதாகும். 2019 முதல் அதிலிருந்து தோரியம்-229 ஐப் பிரித்தெடுத்து மருந்து வாணிகத்துக்கு வழங்கும் உரிமையோ, அணுவுலை வடிவமைக்கும் தனியார் கம்பனியொன்றின் பங்காளித்துவத்துக்கு உட்பட்டது. பொது உழைப்பினால் உருவாகிய பொருள் தனியார் பண்டமாகும் நிகழ்முறைக்கு இதனினும் தெளிவான உதாரணம் வேண்டுவதில்லை. எனினும், அரச சேமிப்பிலே கழிவாகக் கிடந்ததை மருந்தாக்கிய விஞ்ஞானிகளின் உழைப்பை இதனாற் குறைத்து மதிப்பிடலாகாது.

இலங்கையின் நிலையை இதனோடு ஒப்பிடுதல் தகும். புல்மோட்டைக் கரையின் கனமணலிலே இல்மனைற்று, உரூத்தைல், சிர்க்கோன் ஆகியவற்றோடு மொனசைற்றும் உண்டு. 1957இல் அதற்கென அரச கூட்டுத்தாபனம் அமைக்கப்பட்டது. ஆயினும் பல தசாப்தங்களாக அங்கே நிகழ்ந்தது மணலைத் தரம்பிரித்துக் கப்பலேற்றுதலே. நரம்புப் படிவாக அமைந்த காரீயத்தை வாணிக அளவிலே அகழும் நாடு இலங்கை ஒன்றே. மின்கலங்களுக்கு உலகெங்கும் காரீயம் தேவைப்படும் இன்றும், அதனை மின்கலமாக்கும் கைத்தொழில் இங்கே வேரூன்றவில்லை. குடியேற்ற ஆட்சி 1948இல் முடிவுற்றது. மூலப்பொருளை அனுப்பி முடிவுப்பொருளை வாங்கும் உறவு முடிவுறவில்லை.

5. மொழி என்னும் கருவி

அறிவு திரும்பி வராமைக்குப் பொருளாதாரம் மட்டுமே காரணமன்று, மொழியும் ஒன்றாகும். இவ்விடத்திலே மானிப்பாயிற் பணியாற்றிய அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீனை நினைத்தல் பொருந்தும். 1847இல் யாழ்ப்பாணம் வந்த கிறீன், முதலிலே ஆங்கிலத்திலேயே வைத்தியம் கற்பித்தார். ஆங்கிலத்திற் பயின்றோர் அரசாங்க உத்தியோகம் நாடி வெளியூர் செல்வதைக் கண்டு, 1860களிலே தமிழ்மூலம் கற்பிக்கத் தொடங்கினார். ஊரிலேயே தங்கி ஊரவருக்கு வைத்தியஞ் செய்வோர் வேண்டும் என்பதே அவர் கருத்து. இரணவைத்தியம், மனுஷ அங்காதிபாதம் முதலாகப் பல நூல்கள் அவர் முயற்சியினாலே தமிழாயின. 1875இல் கெமிஸ்தம் வெளிவந்தது. கதிர்த்தொழிற்பாடு 1896இல் கண்டறியப்படுவதற்கு 21 ஆண்டுகள் முன்னரே தமிழிலே விரிவான இரசாயன நூலொன்று இருந்தது.

கிறீனின் பணிக்குச் சமயப் பரப்பல் நோக்கமும் உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் பயிற்சிமொழிக்கும் வைத்தியர் எவரைச் சென்றடைவார் என்பதற்குமுள்ள தொடர்பை அவர் நடைமுறையிலே கண்டறிந்தார். கிறீனின் பின் அம்மரபு தளர்ந்தது. 1950கள் முதல் அரசகரும மொழித் திணைக்களம் வெளியிட்ட கலைச்சொற்றொகுதிகளினாலே நாம் 'மூலகம்', 'சமதானி', 'அரைவாழ்வு' என்னும் சொற்களைப் பெற்றோம். இக்கட்டுரை அச்சொற்களைக் கொண்டே எழுதப்படுகின்றது. எனவே தமிழிலே சொல்லவியலாது என்னும் வாதம் நில்லாது. சொல்வதற்கான தேவையை எந்த வர்க்கம் உணர்கின்றது என்பதே வினா. தனக்கு அளிக்கப்படும் கதிர்ச்சிகிச்சை யாது, எத்தனை தடவை, ஏன் என்பதைத் தன் மொழியிலே அறியாத நோயாளி, சிகிச்சையை நடுவிலே கைவிடுதல் எளிது. கட்டியை முதலிலே கண்டபொழுதே வராமல் காலந் தாழ்த்தி வருவதற்கும் அவ்வறியாமையும் அச்சமும் துணையாகின்றன.

6. மீண்டும் கீரிமலை

வடபுலத்துப் புற்றுநோயாளர் நெடுங்காலம் மகரகமை வைத்தியசாலையையே நம்பியிருந்தனர். யுத்தகாலத்திலே தரைப்பாதை மூடப்பட்டிருந்த ஆண்டுகளில் அப்பயணம் பலருக்குக் கைகூடவில்லை. அவர்களுட் பலரின் இறுதி அந்தியேட்டிக் கிரியையாகவே முடிந்தது. கீரிமலையும் உயர்பாதுகாப்பு வலயத்துள் அகப்பட்டிருந்தமையால், அக்கிரியைக்குரிய கரைகூடப் பலருக்குக் கிட்டவில்லை.

யுத்தம் முடிவுற்றபின், 2011 ஜூலையிலே தெற்கின் தெய்வேந்திரமுனையிலிருந்து வடக்கின் பருத்தித்துறை வரை ஒரு நடைப்பயணம் இடம்பெற்றது. சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் அதிற் கலந்துகொண்டனர். அவ்வழியாகத் திரட்டப்பட்ட நிதியினாலே தெல்லிப்பழைக் கட்டடம் எழுந்தது. இஃது இனவாதத்தைக் கடந்து மக்கள் ஒன்றுபட்டமைக்குச் சான்றாகும். அதனை நாம் மதிக்கின்றோம். அதேவேளை, வரி செலுத்தும் மக்கள் தமது வைத்தியசாலைக்காக நாட்டின் நீளம் முழுவதும் நடக்க வேண்டியிருந்தமை, அரசின் கடமை பற்றிய வினாவையும் எழுப்புகின்றது. அறக்கொடை கட்டடத்தைத் தரலாம். கதிர்ப்பொருளும் மருந்தும் பயிற்சிபெற்ற தாதியரும் பௌதிகரும் ஆண்டுதோறும் வேண்டப்படுபவர். அவற்றுக்கு நிலையான பொதுநிதியே வழி.

நாம் கூற முற்பட்டதைத் தொகுத்து நோக்கலாம். தோரியனைற்று நமது நாட்டினது என்று பெருமை கொள்வது எளிது. கல்லுக்கு நாடில்லை, அதனை ஆற்றலாகவும் மருந்தாகவும் ஆக்கும் உழைப்புக்கும் அறிவுக்குமே வரலாறு உண்டு. அவ்வறிவு இலண்டனிலும் பேர்லினிலும் பின்னர் ஓக் றிட்ஜிலும் தங்கியமைக்குக் காரணம் அவ்விடத்தாரின் மேதைமை மட்டுமன்று. ஆய்வுகூடத்தையும் கைத்தொழிலையும் அங்கே குவித்த உற்பத்தி உறவுகளே. ஆகவே நமக்கு வேண்டியது மணலை ஏற்றுமதி செய்யும் புதிய ஒப்பந்தமன்று. நமது பல்கலைக்கழகங்களின் பௌதிக, இரசாயன, மருத்துவத் துறைகள் தெல்லிப்பழை நோயாளியின் தேவையிலிருந்து தம் ஆய்வு வினாக்களை வகுத்தலும், அவ்வாய்வின் பயனைத் தமிழிலும் சிங்களத்திலும் மக்களுக்குச் சொல்லுதலுமே ஆகும். தமிழ்த்துறை சார்ந்த நமக்கும் அதிலே பங்குண்டு. கெமிஸ்தத்தை நூலகத்துப் பழம்பொருளாகப் போற்றுவதோடு அமையாது, அது தொடங்கிய பணியைத் தொடர்தலே அப்பங்கு.

ஆடி அமாவாசையிலே கீரிமலைக் கேணியில் நீராடுவோர் தொகை குறையப்போவதில்லை. குறைய வேண்டுமென்பது நமது அவாவுமன்று. உரிய காலத்திலே வைத்தியத்தினாலே தீர்த்திருக்கக்கூடிய நோய்க்காக அக்கரையிலே சாம்பல் கரைக்கப்படும் நிலை குறைதல் வேண்டும் என்பதே நமது அவா.